குச்சிக்குள் ஓடும் விந்தணு பெட்டையில் ஏன் சினையாகவில்லை?

கேள்வி: அந்தியூர் பக்கம் எங்களுக்குத் தோட்டம். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வருகிற குதிரைகளைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு மார்வாரிப் பொலிக்குதிரை வாங்கினேன். இப்போது அதற்கு ஏழு வயது. நேரடியாகச் சேர்த்த பெட்டைகளில் பெரும்பாலானவை சினையாகிவிடும். போன வருடம் வெளியூரிலிருந்து வந்த ஒரு குழுவை வைத்து இதன் விந்தை உறைய வைத்தேன். நல்ல விந்து கிடைக்கட்டும் என்று அதற்கு முன் மூன்று மாதம் எந்தப் பெட்டையோடும் சேர்க்காமல் ஓய்வில் வைத்திருந்தேன். எடுத்தவுடன் 70 சதவீதம் ஓட்டம், உருக்கிப் பார்த்ததில் 30 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நண்பர்களின் இரண்டு பெட்டைகளுக்குச் சூட்டுக்கு வந்த அன்றே, மாட்டுக்குப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு குச்சி (விந்து அடைத்த மெல்லிய குழாய்) போட்டோம். இரண்டுமே நிற்கவில்லை. 30 சதவீதம் உயிரோடு இருந்தால் சினையாக வேண்டாமா? உறைய வைப்பதில் விந்தணுவுக்கு என்னதான் ஆகிறது? அடிக்கடி விந்து எடுத்தால் குதிரைக்கு வீரியம் குறையும், பிறக்கிற குட்டி ஊனமாகும் என்றும் சொல்கிறார்கள். மீதி 40 குச்சிகள் கேனில் கிடக்கின்றன. என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம்)

பதில்: சூட்டுக்கு வந்த அன்றே, ஒரே ஒரு குச்சி. இந்த இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நல்ல பொலிக்குதிரையின் உறைவிந்தாக இருந்தாலும் சினை பிடிப்பது கடினம். எனவே உங்கள் குதிரையைச் சந்தேகப்பட இதுவரை காரணம் இல்லை. உறைய வைத்த குழுவிடம் கேட்க வேண்டியவை சில உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குதிரை விந்தைப் பெரும்பாலும் அரை மில்லி குச்சியில், மில்லிக்கு 20 கோடி அணுக்கள் என்ற செறிவில் அடைப்பார்கள். அப்படியானால் ஒரு குச்சியில் 10 கோடி. அதில் 30 சதவீதம் ஓடுகிறது என்றால் 3 கோடி. ஆனால் ஒரு பெட்டைக்கு ஒரு முறை போட, உருக்கிய பிறகு முன்னோக்கி நேராக ஓடுகிற அணுக்கள் சுமார் 25 கோடி இருக்க வேண்டும் என்பதுதான் நெடுநாளாகப் பின்பற்றப்படும் அளவு. அதாவது உங்கள் குச்சியில் ஏறக்குறைய எட்டு. நீங்கள் போட்டது அதில் எட்டில் ஒரு பங்கு. கருப்பைக் கொம்பின் நுனிவரை நீளமான குழாயைக் கொண்டுபோய், முட்டை வெளியேறப் போகிற பக்கத்திலேயே விந்தை விட்டால் இதைவிடக் குறைந்த அளவிலும் சினை பிடிக்கும். அதற்குக் கை பழகிய மருத்துவர் வேண்டும்.

மாட்டுக்கு ஒரே குச்சி போதுமே என்று கேட்பீர்கள். போதும்தான். நம் ஊரில் சினை ஊசியாகப் போடுகிற குச்சியில் இருப்பதே 2 கோடி அணுக்கள், உருகியதும் அதில் பாதி ஓடினால் தரம் சரி என்கிறோம். ஆனால் அந்தக் காளை எப்படித் தேர்வானது என்று யோசித்துப் பாருங்கள். ஈச்சங்கோட்டை போன்ற ஒரு உறைவிந்து நிலையத்தில், விந்து சரியாக உறையாத காளைக்கு இடமில்லை. பல தலைமுறைகளாக இப்படியே கழித்துக் கழித்து, உறைபனியைத் தாங்கும் விந்துள்ள காளைகளே பொலிகாளைகளாக நிலைத்துவிட்டன. குதிரையை யாரும் அப்படித் தேர்ந்தெடுத்ததில்லை. காதின் வளைவு, நடை, ரேவால் என்ற குலுங்காத ஓட்டம், உயரம், நிறம், சுழி, பந்தய வேகம் என்று பார்த்தோமே தவிர, விந்து உறையுமா என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் குதிரைக்குக் குதிரை வித்தியாசம் மிக அதிகம். துறையில் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஐந்தில் ஒரு பொலிக்குதிரைக்கு விந்து நன்றாக உறையும், ஐந்தில் ஒன்றுக்கு உறையவே உறையாது, மற்றவை நடுவில். நேரடியாகச் சேர்த்தால் தவறாமல் சினையாக்குகிற குதிரையும் அந்த உறையாத கூட்டத்தில் இருக்கலாம். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, உறைய வைத்து உருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, உறையும்போது என்ன நடக்கிறது? சேதம் பனிக்கட்டியில் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு முன்பே, 20 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. குதிரை விந்தணுவின் வெளிச்சவ்வில் கொலஸ்டிரால் குறைவு. முயல், மனித விந்தணுக்களோடு ஒப்பிட்டால் இது நன்றாகத் தெரியும். கொலஸ்டிரால் குறைந்த சவ்வு குளிரில் சீராக இறுகாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் பாதி கட்டியாகவும் பாதி இளகியும் நிற்குமே, அதே மாதிரி சவ்வின் கொழுப்பில் சில பகுதிகள் முதலில் இறுகும், சில பகுதிகள் இளகியே இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் கசிவு உண்டாகும். வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே நுழையும். இதனால்தான் பால், முட்டை மஞ்சள் கரு கலந்த கரைசலில் விந்தைக் கலந்து, அவசரப்படாமல் மெதுவாகக் குளிர்விக்கிறோம். மஞ்சள் கருவில் உள்ள கொழுப்புப் புரதம் சவ்வோடு சேர்ந்து அதைக் கொஞ்சம் காப்பாற்றும். விந்தை எடுத்துவிட்டு, வெயிலில் பிளாஸ்கைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாலோ, ஐஸ் பெட்டிக்குள் நேராக வைத்தாலோ, உறைய வைப்பதற்கு முன்பே பாதி போய்விடும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் வேறு சிக்கல். விந்தணுவைச் சுற்றியுள்ள நீர்தான் முதலில் பனியாகிறது. பனிக்குள் உப்புக்கு இடமில்லை. உறையாமல் மிஞ்சிய கொஞ்ச நீரில் உப்பு முழுவதும் செறிந்து, விந்தணுவின் உள்ளே இருக்கிற நீரை வெளியே இழுக்கிறது. மிக மெதுவாகக் குளிர்வித்தால் அணு வற்றிச் சுருங்கிப் போகும். மிக வேகமாகக் குளிர்வித்தால் நீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே பனி கட்டி, அணுவைக் கிழித்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைப் பிடிக்க வேண்டும். குச்சிகளைத் திரவ நைட்ரஜனுக்குச் சில சென்டிமீட்டர் மேலே, ஆவியில் சில நிமிடம் படுக்க வைத்து, பிறகு மைனஸ் 196 டிகிரி திரவத்துக்குள் இறக்குவது இந்த நடுவேகத்துக்காகத்தான். வசதியுள்ள ஆய்வகங்களில் இதற்குக் கணினி வைத்த இயந்திரம் இருக்கும்.

இதைச் சாத்தியமாக்கியது கிளிசரால். 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர் சேவல் விந்தை வைத்து இதன் பாதுகாக்கும் குணத்தைச் சொன்னார்கள். 1957-இல் கனடாவில் பார்க்கரும் காண்டியரும், விரையை ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் குழாயிலிருந்து எடுத்து உறைய வைத்த விந்தணுக்களால் ஒரு பெட்டை சினையானதைப் பதிவு செய்தார்கள். மாட்டில் இந்த முறை கிராமம் கிராமமாகப் பரவிவிட்டது, குதிரையில் இன்னும் தயங்கித் தயங்கித்தான் நடக்கிறது. காரணங்களில் ஒன்று கிளிசராலே. பாதுகாக்கிற அதே பொருள் குதிரை விந்தணுவுக்குக் கொஞ்சம் விஷமும்கூட. அது நீரைவிட மெதுவாகத்தான் அணுவுக்குள் போகும், மெதுவாகத்தான் வெளியே வரும். உருக்கிக் கருப்பைக்குள் விட்டதும் வெளியே கிளிசரால் இல்லை, உள்ளே நிறைய இருக்கிறது. உடனே நீர் உள்ளே பாய்ந்து, சுருங்கியிருந்த அணு சட்டென்று வீங்கும். பலவீனமான சவ்வு அப்போது வெடிக்கும். கிளிசராலில் சரியாக உறையாத குதிரைகளுக்கு மெத்தில்ஃபார்மமைடு, டைமெத்தில்ஃபார்மமைடு போன்ற சின்ன மூலக்கூறுகளைப் பயன்படுத்தினால் பல நேரம் நிலைமை மாறுகிறது. பிரேசிலில் இதை விரிவாகச் செய்கிறார்கள். உங்கள் விந்தை எந்தக் கரைசலில் உறைய வைத்தார்கள் என்று அந்தக் குழுவிடம் கேளுங்கள். ஒரே ஒரு கரைசலில் ஒரே ஒரு முறை செய்து பார்த்து இந்தக் குதிரை தேறாது என்று முடிவு கட்டுவது தவறு.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 70-இல் 40 போனது, மிச்சம் 30 நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 30-ம் பழைய 30 இல்லை.

சாதாரணமாக ஒரு விந்தணு பெட்டையின் கருமுட்டைக் குழாய்க்குப் போய், அதன் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். முட்டை வரும் நேரத்தில்தான் பக்குவப்பட்டு, ஒட்டியதை விட்டுப் பிரிந்து, தலையில் உள்ள அக்ரோசோம் என்ற தொப்பியின் நொதிகளால் முட்டையின் உறையைத் துளைக்கும். உறைந்து உருகிய விந்தணுவிலோ கால்சியம் கசிந்து உள்ளே போய், அந்தப் பக்குவம் முன்கூட்டியே தொடங்கிவிட்ட மாதிரியான நிலை ஏற்படுகிறது. சிலவற்றில் அக்ரோசோம் தொப்பியே சேதமாகியிருக்கும். குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் திறனும் குறைகிறது. அதனால் அவற்றால் காத்திருக்க முடியாது.

இன்னொன்று எரிபொருள். குதிரை விந்தணு ஓடுவதற்கான சக்தியின் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனை எரித்தே பெறுகிறது. சர்க்கரையைப் புளிக்க வைத்துக் காலம் தள்ளுகிற மனித விந்தணுவைப் போல அல்ல. எரிகிற இடத்தில் புகையும் இருக்கும் அல்லவா, தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான விஷயத்தைக் கவனித்தார்கள்: நன்றாகச் சினையாக்குகிற பொலிக்குதிரைகளின் விந்தணுக்களில்தான் இந்த ஆக்சிஜன் அழுத்தத்தின் அடையாளங்கள் அதிகம். காரணம், அவை அதிக வேலை செய்கின்றன. அப்படிப்பட்ட அணுவை உறைய வைத்து உருக்கினால், அடிபட்ட மைட்டோகாண்ட்ரியா இன்னும் அதிகமாகக் கசியும். சவ்வின் கொழுப்பு கெடும், பிறகு டி.என்.ஏ. இழை உடையத் தொடங்கும். இந்த டி.என்.ஏ. உடைவு உருக்கிய நிமிடத்தில் பெரிதாகத் தெரியாமல் இருந்து, உடல் வெப்பத்தில் சில மணி நேரம் போனதும் வேகமாகக் கூடும். நுண்ணோக்கியின் கீழ் நன்றாக ஓடுகிற அணுவுக்கு உள்ளே சரக்கு கெட்டிருக்கலாம். அது முட்டையைச் சேர்ந்தாலும் கரு சில நாளில் கரைந்துவிடக்கூடும்.

ஆக, தாளில் இருக்கிற 30 சதவீதம் என்பது உருக்கிய சில நிமிடங்களில் எடுத்த அளவு. அது எதைக் குறிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இருந்த இடத்திலேயே துடிக்கிறவை, வட்டமடிக்கிறவை எல்லாம் சேர்த்து 30 என்றால், நேராக ஓடுகிறவை அதைவிடக் குறைவு. என்னைக் கேட்டால், உருக்கிய குச்சியை 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, திரும்பப் பார்த்த எண்ணைத்தான் கேட்பேன். முதலில் 45 இருந்து இரண்டு மணி நேரத்தில் 5-க்கு இறங்குகிற விந்தைவிட, 30-இல் தொடங்கி 25-இல் நிற்கிற விந்து எனக்கு மேல். சவ்வு முழுதாக இருக்கிறதா என்று பார்க்கும் சாயப் பரிசோதனையும் நீர்த்த கரைசலில் வாலைச் சுருட்டுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் செலவில்லாதவை. செய்யச் சொல்லலாம்.

இப்போது நேரம். பெட்டை ஐந்து முதல் ஏழு நாள் வரை சூட்டில் இருக்கும். முட்டை வெளியேறுவது சூடு அடங்குவதற்கு ஒன்று இரண்டு நாள் முன்னால்தான். வெளியே வந்த முட்டை அரை நாளுக்கு மேல் தாங்காது. நேரடியாகச் சேர்த்தால் விந்தணு உள்ளே இரண்டு மூன்று நாள் உயிரோடு காத்திருக்கும், அதனால்தான் நம் ஆட்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்த்தே காலம் காலமாகக் குட்டி எடுக்கிறார்கள். உறைவிந்துக்கு உள்ளே ஆயுள் 12 முதல் 24 மணி நேரம் வரைதான். நீங்கள் முதல் நாளிலேயே போட்டுவிட்டீர்கள். முட்டை வந்தபோது அங்கே உயிருள்ள விந்தணு எதுவும் இருந்திருக்காது. எட்டுக் குச்சி போட்டிருந்தாலும் இதே கதைதான்.

சரியான முறை இப்படி. சூடு தொடங்கியதும் மலக்குடல் வழியாகத் தினமும் ஸ்கேன் பார்க்க வேண்டும். முட்டை வளர்கிற பை 35 மில்லிமீட்டரைத் தாண்டி, கருப்பைச் சுவர் வீக்கமும் தெரிந்தால் எச்.சி.ஜி. அல்லது டெஸ்லோரெலின் ஊசி. எச்.சி.ஜி. போட்டால் பெரும்பாலும் ஒன்றரை நாளில், டெஸ்லோரெலின் போட்டால் சுமார் 40 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். ஒரே பெட்டைக்கு எச்.சி.ஜி.யை அடிக்கடி போட்டால் உடல் அதை எதிர்க்கப் பழகிவிடும், கவனம். ஊசிக்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்த்து, முட்டை வெளியேறுவதற்கு 12 மணி நேரம் முன்னாலிருந்து வெளியேறிய பின் 6 மணி நேரத்துக்குள் விந்து உள்ளே போயிருக்க வேண்டும். இரவெல்லாம் ஸ்கேன் பார்க்க ஆள் கிடைக்காது என்றால், விந்தை இரண்டு பங்காக்கி ஊசி போட்டு 24 மணி நேரத்தில் ஒன்று, 40 மணி நேரத்தில் ஒன்று என்று போடும் முறை உண்டு. நம் ஊருக்கு இதுதான் நடைமுறைக்கு வரும். இவ்வளவு செய்தாலும் ஒரு சூட்டில் சினை பிடிப்பது பத்தில் மூன்று முதல் ஐந்து வரைதான், அனுபவமுள்ள பண்ணைகளில் இன்னும் கொஞ்சம் கூடும். விந்து உறைய வைக்க ஆகிற செலவைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள், ஸ்கேன் மருத்துவருக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். பணத்தை எங்கே குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கைக்கெட்டும் தூரம், அங்கே இனப்பெருக்கப் பிரிவில் முதலில் பேசிப் பாருங்கள்.

பெட்டையின் பக்கம் இன்னொரு விஷயம். உறைய வைக்கும் முன் விந்தைச் சுழற்றி, விந்துத் திரவத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறோம். அந்தத் திரவம் உறைதலுக்கு ஆகாது. ஆனால் கருப்பைக்குள் விந்தணுவால் உண்டாகும் அழற்சியை அடக்கி வைக்கும் புரதங்களும் அதில்தான் உள்ளன. அதனால் உறைவிந்து போட்ட பெட்டைகள் சிலவற்றில் அழற்சி நீடித்து, கருப்பையில் நீர் தங்கும். இளம் பெட்டை தானே வெளியேற்றிவிடும். வயதான பெட்டையும், பல வருடம் சினை நிற்காத பெட்டையும் திணறும். மறுநாள் ஸ்கேனில் நீர் தெரிந்தால் ஆக்சிடோசின் ஊசி, தேவைப்பட்டால் கழுவிவிடுதல். கஷ்டப்பட்டுச் சினையாக்க வேண்டிய பெட்டை என்று யாராவது கொண்டுவந்தால், உறைவிந்தை அதற்கு வீணாக்காதீர்கள்.

அடுத்தது ஓய்வு. நீங்கள் நல்லதென்று நினைத்துச் செய்தது இங்கே எதிராகப் போயிருக்கிறது. விரை தினமும் விந்தணுவை உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கும். மூன்று மாதம் எடுக்காமல் விட்டால் எபிடிடிமிஸில் தேங்கியவை வயதாகி, சாகத் தொடங்கும். அப்போது முதலில் எடுக்கிற விந்து பார்க்கச் செறிவாக இருக்கும், உறைய வைத்தால் தாங்காது. உறைய வைப்பதற்கு முன் ஐந்தாறு நாள் தினமும் எடுத்துத் தேக்கத்தைக் காலி செய்துவிட்டு, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துத்தான் உறைய வைக்க வேண்டும். உங்கள் 30 சதவீதத்துக்கு இந்த ஓய்வும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதிலேயே வீரியக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. எடுப்பதால் குறையாது. வாரம் மூன்று முறை மாதக்கணக்கில் எடுக்கிற பண்ணைகள் உண்டு. அந்தக் குதிரைகளின் உடலும் ஆசையும் அப்படியே இருக்கின்றன. உறைய வைப்பது குச்சிக்குள் இருக்கிற விந்தணுவைப் பாதிக்கும், குதிரையைத் தொடாது. விந்து எடுக்க வைக்கிற பொம்மைக் குதிரையில் ஏறும்போது வழுக்கி விழாமலும், செயற்கைக் குழாயின் வெப்பம் ஏறி உறுப்பைச் சுடாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

வீரியத்தை உண்மையிலேயே கெடுக்கிற இரண்டைச் சொல்கிறேன். ஒன்று வெப்பம். காய்ச்சலோ, விரையில் அடியோ, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையோ, எதுவானாலும் விரை சூடானால் விந்தணு உற்பத்தி தடுமாறும். ஒரு விந்தணு உருவாக சுமார் 57 நாள், எபிடிடிமிஸைக் கடக்க மேலும் ஒரு வாரத்துக்கு மேல். எனவே ஏப்ரலில் பட்ட சூடு ஜூனில் எடுக்கிற விந்தில் தெரியும். அன்று குதிரை நன்றாகத்தான் இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. மற்றது சதை ஏறுவதற்கும் கழுத்து தடிப்பதற்கும் போடுகிற ஊசி. சந்தைக்கும் கண்காட்சிக்கும் முன் இதைப் போடுகிறவர்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். அவை ஆண் ஹார்மோன் வகை மருந்துகள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்குக் கொடுக்கிற உத்தரவை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும், நிறுத்தினாலும் மீள மாதக்கணக்கில் ஆகும். பார்வைக்குக் கம்பீரமாக நிற்கும், பெட்டை மட்டும் நிற்காது. உங்கள் குதிரைக்குப் போடுவதில்லை என்றே நம்புகிறேன்.

குட்டி ஊனமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உலகம் முழுக்க உறைவிந்தில் பிறந்த குதிரைகள் போலோ ஆடுகின்றன, தடை தாண்டுகின்றன. டி.என்.ஏ. உடைந்த விந்தணு பெரும்பாலும் முட்டையைச் சேர்வதில்லை, சேர்ந்தாலும் கரு தொடக்கத்திலேயே நின்றுவிடும். பதினொரு மாதம் தாண்டிப் பிறக்கிற குட்டி மற்ற குட்டியைப் போலத்தான். விந்து போட்ட 14, 15-ஆம் நாளில் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். இரட்டைக் கரு இருந்தால் ஒன்றை நீக்க அதுதான் நேரம், தாமதித்தால் இரண்டும் போகும்.

இனி, இதெல்லாம் உங்களுக்குத் தேவையா என்ற கேள்வி. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சேலம், கோவை, கரூர் பெட்டைகளுக்கு உறைவிந்து தேவையே இல்லை. பெட்டையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரட்டும், இல்லாவிட்டால் விந்தை உறைய வைக்காமல் 5 டிகிரியில் குளிர்வித்து அனுப்புங்கள். நல்ல கரைசலில் அது ஒரு நாள், சில குதிரைகளில் இரண்டு நாள் தாங்கும். சேதமும் குறைவு, சினைப் பிடிப்பும் அதிகம், நைட்ரஜனும் வேண்டாம். உறைவிந்து இரண்டு காரியத்துக்குத்தான் ஈடில்லாதது: ராஜஸ்தானில் இருக்கிற பெட்டைக்கு அனுப்ப, அப்புறம் குதிரைக்கு வயிற்றுவலி வந்து ஒரே இரவில் போய்விட்டாலும் அதன் வழி அற்றுப்போகாமல் இருக்க. இரண்டாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2012-க்கும் 2019-க்கும் நடுவே நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 45.6 சதவீதம் குறைந்து, சுமார் 3.4 லட்சமாகிவிட்டன என்று கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹிசாரில் தலைமையகம் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் தன் பிகானேர் வளாகத்தில் நாட்டுக் குதிரைகளின் விந்தை உறைய வைத்துச் சேமிக்கிறது. 2023-இல் அங்கே மார்வாரியில் கரு மாற்று முறையில் குட்டியும் பிறந்தது. 2024-இல் தேசியக் கால்நடை இயக்கத்தை விரித்து, குதிரை, கழுதை, ஒட்டகத்துக்கு விந்து நிலையம் அமைக்க 10 கோடி ரூபாய் வரை கொடுப்பதாக மத்திய அரசு அறிவித்தது. பிகானேருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் குதிரையின் பதிவுத் தாளும் படமும் அனுப்பினால் என்ன சோதனை செய்ய வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று வழி கேட்கலாம்.

வெளியே கொடுப்பதற்கு முன் மார்வாரிப் பதிவுச் சங்கத்திடம், செயற்கை முறையில் பிறந்த குட்டியைப் பதிவு செய்ய என்னென்ன தாள் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பந்தயத் தரோபிரெட் குதிரைகளில் உலகெங்கும் நேரடிச் சேர்க்கையில் பிறந்தால்தான் பதிவு, வேறு எதுவும் செல்லாது. மற்ற இனங்களில் விதி இனத்துக்கு இனம் மாறும். கிளாண்டர்ஸ், குதிரை தொற்று ரத்தசோகை, விந்து வழியே பரவும் வைரஸ் தமனி அழற்சி ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நைட்ரஜன் விந்தணுவைக் காப்பது போலவே கிருமியையும் காக்கும்.

மீதி 40 குச்சிகள். முதலில் கேனில் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளவுக்கோலை விட்டுப் பாருங்கள். குச்சி எடுக்கும்போது வாளியைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு, அந்தச் சில நொடிகளில் மற்ற குச்சிகளும் சூடேறிக் கெடக்கூடும். ஒரு குச்சியைத் தியாகம் செய்து 37 டிகிரி நீரில் 30 நொடி உருக்கி, நேராக ஓடுகிறவை எவ்வளவு என்று உடனே ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். நேராக ஓடுகிறவை 30-ஐ ஒட்டி இருந்து, இரண்டாவது எண்ணும் பெரிதாக இறங்காவிட்டால், எட்டு எட்டாக நான்கு பெட்டைகளுக்குச் சரியாகவும் ஐந்தாவதற்கு ஒன்று குறைவாகவும் வரும். ஏற்கெனவே குட்டி போட்ட, பத்து வயதுக்குள்ளான பெட்டைகளாகப் பார்த்து, ஸ்கேனோடு போடுங்கள். இரண்டாவது எண் 10-க்குக் கீழே போனால் அவற்றுக்கு நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, கொட்டிவிடுங்கள். வெயில் தணிந்து இரண்டு மாதம் கழித்து, இந்த முறை ஓய்வு கொடுக்காமல், இரண்டு வேறு கரைசல்களில் கொஞ்சம் கொஞ்சமாக உறைய வைத்துப் பார்க்கலாம். அப்போது வருகிற இரண்டு மணி நேர எண்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.